கேஃபீல்டில் ஒரு சனிக்கிழமை: ஆர்ப்ரோத் அணியின் ஆட்டத்துக்குப் போவது எப்படி

கேஃபீல்டுக்குப் புறப்படும் முன் வானிலைச் செயலியைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: காற்றின் வேகம், காற்று வரும் திசை. மழை வருமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டண்டீக்கு வடகிழக்கே இருக்கும் மீன்பிடி ஊர் ஆர்ப்ரோத். அந்த ஊர்க் கால்பந்து அணி 1878இல் தொடங்கியது. அதன் மைதானமான கேஃபீல்ட் பார்க், ஐரோப்பாவிலேயே கடலுக்கு மிக அருகில் இருக்கும் மைதானம் என்று பேர் வாங்கியது. ஒரு பக்கச் சுவரைத் தாண்டினால் வட கடல்தான். புயல் நாளில் அலை சுவரேறி உள்ளே தெறிக்கும். அந்தப் பக்கம் உயரத் தூக்கி அடித்த பந்து கடற்கரைக்கோ கடலுக்கோ போய்விடும், வேறு பந்து வரும். காற்று மணிக்கு 25 மைலைத் தாண்டினால் அன்றைக்கு ஆடுவதே வேறு ஆட்டம். அதை ரசிக்கத் தயாராகப் போகிறவருக்கு இதைவிட நல்ல மைதானம் ஸ்காட்லாந்தில் இல்லை.

உடுப்பில் செய்யும் தப்புதான் முதல்முறை போகிறவர்களைப் பாதி ஆட்டத்திலேயே வெளியே அனுப்பிவிடுகிறது. தடிமனான ஒரே கோட்டு போதாது. உடம்போடு ஒட்டிய கம்பளி அல்லது தெர்மல் பனியன், அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டும். கடைசி அடுக்கு காற்றைத் தடுக்காவிட்டால் உள்ளே எத்தனை போட்டாலும் பயனில்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் ஆட்டம் முடியும்வரை காயாது. காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் போடலாம், ஆனால் ஷூ இறுகக் கூடாது. இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிட்டுப் போகும். நின்று பார்க்கும் படிகள் கான்கிரீட். இரண்டு மணி நேரத்தில் பாதத்துச் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிவிடும். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்துக் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள், வித்தியாசம் பத்து நிமிடத்தில் தெரியும். குடை கொண்டுபோகாதீர்கள். முதல் வீச்சிலேயே கவிழ்ந்துவிடும், கவிழாவிட்டால் பின்னால் நிற்பவருக்கு ஆட்டம் தெரியாது. குல்லா காதை மூட வேண்டும். கழுத்துக்கு மரூன் ஸ்கார்ஃப், அதுதான் அணியின் நிறம்.

டிசம்பரில் அங்கே மாலை மூன்றரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மூன்று மணி ஆட்டத்தின் பெரும்பகுதி விளக்கொளியில்தான் நடக்கும், இடைவேளைக்குப் பிறகு குளிர் சட்டென்று இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு விருந்தாளி வருவார்: ஹார் என்று அந்தக் கரையில் சொல்லும் கடல் மூடுபனி. ஊருக்குள் வெயில் அடிக்கும்போதே மைதானத்தை அது மூடிக்கொள்ளும். வசந்தம்தானே என்று ஜாக்கெட்டை வீட்டில் விட்டு வருகிறவர் அன்றுதான் நடுங்குவார்.

ரயிலில் போவது சுலபம். எடின்பரோ, அபர்தீன் வழித்தடத்தில் ஆர்ப்ரோத் ஒரு நிலையம். டண்டீயிலிருந்து 20 நிமிடம் போலத்தான். உறைபனி அல்லது கனமழைக் காலத்தில் நடுவர் காலையிலேயே ஆடுகளத்தைப் பார்த்து, ஆட்டம் உண்டா இல்லையா என்று முடிவெடுப்பார். அந்த முடிவை கிளப் அறிவிக்கும்வரை ரயில் ஏற வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து கடலை நோக்கி இறங்கி நடந்தால் கால் மணி நேரத்தில் மைதானம் வந்துவிடும். கொஞ்சம் முன்னாலேயே போனால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைநிற சிக்னல் டவரைப் பார்க்கலாம். கடலுக்குள் பாறைமேல் நிற்கும் பெல் ராக் கலங்கரை விளக்கத்துக்கு 1813 முதல் கரை நிலையமாக இருந்த கட்டடம், இப்போது அருங்காட்சியகம்.

அணியின் செல்லப்பெயரும் இந்தக் கடலிலிருந்துதான் வந்தது. இருட்டில் திரும்பும் மீன்பிடிப் படகுகளுக்குத் துறைமுகத்தில் சிவப்பு விளக்கு வழிகாட்டியது. ஸ்காட்லாந்துப் பேச்சில் விளக்கை 'லிஃக்ட்' என்பார்கள், அதனால் ஊர்க்காரர்கள் ரெட் லிஃக்ட்டிகள் ஆனார்கள். இதை உச்சரிக்கத் தமிழருக்குச் சிரமமே இல்லை. 'எஃகு' என்று சொல்லும்போது தொண்டையில் வரும் அந்த ஆய்த ஒலியை நடுவில் வைத்தால் போதும். 'லிச்ட்டி' என்றோ 'லைட்டி' என்றோ சொன்னால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

உட்கார்ந்து பார்க்க ஒரு பக்கம் மட்டும் பிரதான ஸ்டாண்ட். மற்ற மூன்று பக்கமும் நின்று பார்க்கும் படிகள், அவற்றில் ஆங்காங்கே கூரை. மழையும் காற்றும் சேர்ந்தே வரும் என்றால் கூரைக்குக் கீழே பின்படியில் முதுகைச் சுவரில் சாய்த்து நில்லுங்கள். முன்படியில் கூரை இருந்தும் இல்லாததுபோலத்தான், மழை பக்கவாட்டில் வரும்.

ஒரு முனைக்குத் துறைமுக முனை என்று பெயர், எதிர் முனைக்குப் பக்கத்து கேளிக்கைக் கூடத்தின் பெயரால் பிளெஷர்லேண்ட் முனை. ரசிகர்களைப் பிரித்து நிறுத்தாத ஆட்டங்களில் ஒரு பழைய வழக்கம் இன்னும் உண்டு: உங்கள் அணி எந்த கோலை நோக்கி அடிக்கிறதோ அந்த கோலுக்குப் பின்னால் நிற்பது, இடைவேளையில் கூட்டத்தோடு கூட்டமாக மறுமுனைக்கு நடப்பது. பெரிய லீக்குகளில் அழிந்துபோன இந்தச் சுதந்திரம் இன்னும் இங்கே இருப்பது பெரிய விஷயம், ஒருமுறையாவது நடந்து பாருங்கள். பெரிய அணி வரும் நாளில் பிரித்துவிடுவார்கள், அன்று நுழைந்த பக்கத்திலேயே இருக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட நாளில் எதிரணி ஸ்கார்ஃபோடு உள்ளூர்ப் பக்கம் டிக்கெட் வாங்காதீர்கள், வாசலில் நிறுத்திவிடுவார்கள். 1980 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டக் கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி, கேலரிக்குள் மது கொண்டுபோவது குற்றம், போதையில் நுழைய முயல்வதும் குற்றம்.

பை (pie) வாங்காமல் ஆட்டம் பார்க்க முடியாது. ஸ்காட்ச் பை என்பது கெட்டியான மாவு ஓட்டுக்குள் மிளகு தூக்கலாகப் போட்ட கொத்துக்கறி. மரபுப்படி ஆட்டிறைச்சி, ஆனால் மைதானங்களில் மாட்டிறைச்சியும் சேர்ந்திருக்கும். வேண்டாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். பொவ்ரில் என்ற சூடான பானமும் மாட்டிறைச்சிச் சாறுதான், பார்த்தால் கட்டங்காப்பி மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். சைவத்துக்கு மக்ரோனி பை பல மைதானங்களில் கிடைக்கும். பையின் மேல்மூடி விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பது சும்மா இல்லை. அந்தக் குழியில் பிரவுன் சாஸ் ஊற்றத்தான். முதல் கடியைப் பக்கவாட்டில் கடித்தால் சூடான கொழுப்பு மணிக்கட்டு வழியாகச் சட்டைக்கைக்குள் ஓடும். மூடியில் சின்ன ஓட்டை போட்டு ஆவியை விடுங்கள், இரண்டு நிமிடம் கழித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, காகிதத்தோடு சேர்த்துப் பிடித்து மேலிருந்து கடியுங்கள். இடைவேளையில் வரிசை நீளம். விசிலுக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் கோல் விழுந்தால் அது உங்கள் தலையெழுத்து.

இனி ஆட்டம். நாணயம் சுண்டுவதை இங்கே கவனிக்காமல் விடாதீர்கள். 2019 முதல், சுண்டலில் வென்றவர் எந்த கோலை நோக்கி ஆடுவது என்பதையோ, தொடக்க உதையையோ, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேஃபீல்டில் காற்று பலமுறை மைதானத்தின் நீளவாக்கில் வீசும், அதனால் பக்கத்தைத்தான் கேட்பார்கள். முதல் பாதியில் காற்றை முதுகில் வாங்கினால் கோல்களைச் சேர்த்து வைக்கலாம். இரண்டாம் பாதிக்கு விட்டால் களைத்த கால்களுக்கு அது துணை. ஆனால் காற்று அதற்குள் தணிந்துவிடவும் கூடும். பார்த்துப் பழகியவர்கள் கார்னர் கொடிகளைப் பார்ப்பார்கள்: நான்கும் ஒரே பக்கம் விறைத்து நின்றால் காற்று நிலையானது, ஒவ்வொன்றும் ஒரு திசையில் அடித்துக்கொண்டால் உயரப் பந்தை யாராலும் கணிக்க முடியாது.

காற்றை எதிர்த்து ஆடும் அணி செய்ய வேண்டியது பந்தைத் தரையோடு வைப்பது. கோல்கீப்பர் உயர அடித்தால் பந்து நடுவானில் நின்று அவர் பக்கமே திரும்பும். காற்றோடு ஆடும் அணியின் தப்பு வேறு: முன்னால் வீசும் பந்து எல்லாமே எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிவிடும், இருபது நிமிடம் ஆதிக்கம் செலுத்தியும் ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்காது. புதிதாக வரும் அணிகள் இங்கே திணறுவதை 'அதிர்ஷ்டம் இல்லை' என்று விட்டுவிடாதீர்கள், அவர்களின் கோல் கிக்குகளை எண்ணிப் பாருங்கள்.

ஆடுகிறவர்கள் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகளாக இது பகுதிநேர அணி. வீரர்கள் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். டிக் காம்ப்பெல் மேலாளராக இருந்தபோது 2021–22 பருவத்தில், முழுநேரச் சம்பள அணிகள் நிறைந்த, நாட்டின் இரண்டாம் மட்டமான சாம்பியன்ஷிப்பில் கடைசிவரை முதலிடத்துக்குப் போராடினார்கள். ஏப்ரல் 22, 2022 அன்று கில்மார்னக்கில் 2–1 என்று தோற்றுப் பட்டத்தை இழந்தார்கள், உச்ச மட்டத்துக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் இன்வர்னஸிடம் பெனால்ட்டியில் வெளியேறினார்கள். 2024இல் ஒரு படி கீழே இறங்கி, 2024–25இல் லீக் ஒன் பட்டத்தோடு உடனே திரும்பி வந்தார்கள். இப்படிப்பட்ட கிளப்புக்கு வாசல் வசூலும் சீசன் டிக்கெட்டும் இடைவேளைக் குலுக்கல் சீட்டும் நேராகப் பயன்படும். கைவசம் பணம் குறைவு என்றால் ஜெர்சியைவிட இன்னொரு ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குவது மேல்.

கிளப் வரலாற்றில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று 36–0. செப்டம்பர் 12, 1885, ஸ்காட்டிஷ் கோப்பை முதல் சுற்று, அபர்தீனிலிருந்து வந்த போன் அக்கார்ட் அணி. இடைவேளையிலேயே 15–0. ஜான் பெட்ரி என்ற இளைஞர் மட்டும் 13 கோல். அன்று கோலுக்கு வலை கிடையாது, ஒவ்வொரு கோலுக்கும் பந்தைத் தேடி ஓட வேண்டும். ஆர்ப்ரோத் கோல்கீப்பர் பந்தையே தொடாமல், பார்வையாளர் ஒருவரின் குடைக்கடியில் மழைக்கு ஒதுங்கி நின்றார் என்பார்கள். அதே நாள் டண்டீ ஹார்ப் அணி 35–0 என்று வென்றது. போன் அக்கார்ட் உண்மையில் கிரிக்கெட் அணி, அழைப்பு தவறிப்போய் வந்தது என்ற கதையும் உலவுகிறது. இந்த மாதிரிக் கதையைத் திருப்பிச் சொல்லும் முன் அந்த வாரப் பத்திரிகையைத் தேடிப் பாருங்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதே அதிகம். இன்றைய புல்வெளியைக் காட்டி 'இங்கேதான் நடந்தது' என்றும் அடித்துச் சொல்லாதீர்கள், 1925இல் மைதானத்தை மாற்றி அமைத்தார்கள்.

பழைய பதிவுகளில் பலர் சறுக்குவது டிவிஷன் பெயரில். 1975 வரை முதல் டிவிஷன் என்றால் நாட்டின் உச்ச மட்டம். 1975இல் பிரீமியர் டிவிஷன் வந்ததும் அதே பெயர் இரண்டாம் மட்டத்துக்குப் போனது. 1994இல் நான்கு டிவிஷன் ஆனது, 2013இல் பிரீமியர்ஷிப், சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று மாறியது. ஆகவே ஆர்ப்ரோத் கடைசியாக உச்ச மட்டத்தில் ஆடிய 1974–75இன் 'முதல் டிவிஷன்' வேறு, பிற்காலத்து 'முதல் டிவிஷன்' வேறு. கிளப் முதன்முதலாக ஒரு தேசியப் பட்டத்தை வென்றது 2010–11இல், மூன்றாம் டிவிஷனில். அது நான்காம் மட்டம். 133 ஆண்டு காத்திருந்து கிடைத்த பட்டம் என்பதால் மட்டம் எதுவாயினும் ஊருக்கு அது பெரிது. குறிப்பேட்டில் டிவிஷன் பெயரோடு மட்டத்தின் எண்ணையும் எழுதுங்கள்.

ஆட்டப் புத்தகத்தை, அதாவது புரோகிராமை, மடித்துச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் ஈரமான தாள் வீட்டுக்கு வருவதற்குள் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஜிப் பை கொண்டுபோங்கள். வீட்டில் தட்டையாக விரித்து உலர்த்தி, பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி உறை நாளாக ஆக மையை உரித்தெடுக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் மஞ்சள் கறை நிரந்தரம்.

ஆர்ப்ரோத் ஸ்மோக்கி வாங்குவதை ஆட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள், ஐந்து மணிக்குக் கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஹேடக் மீனை வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டி, கட்டைத் தீயின் மேல் தொங்கவிட்டு, ஈரச் சாக்கால் மூடிப் புகையிலேயே வேகவைத்தது. செம்புநிறத் தோலைப் பிரித்து, நடுமுள்ளைத் தலைப்பக்கத்திலிருந்து தூக்கினால் முழுசாக வந்துவிடும். ரயிலில் கொண்டுபோவதானால் இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள், பெட்டி முழுக்க மணக்கும்.

திரும்பும் ரயிலிலேயே புரோகிராமின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள்: கோல் அடித்தவர்கள், நிமிடம், நீங்கள் நின்ற முனை, முதல் பாதியில் காற்று யார் முதுகில் இருந்தது. மற்றதெல்லாம் பின்னால் எங்காவது கிடைக்கும், அந்தக் கடைசி வரியை அங்கே நின்றவர்தான் எழுத முடியும்.