டிரி தீவுக்குக் கிளம்பும் முன் பையைக் கொட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு வசந்தத்திலும் நியூசிலாந்தின் ஆக்லாந்து படகுத்துறையில், டிரி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் டிரிட்டிரி மட்டங்கி பறவைச் சரணாலயத் தீவுக்குக் கிளம்பும் புதுத் தன்னார்வலர்களைப் பார்க்கிறேன். போன மாதம் இந்தியாவிலிருந்து வந்த ஒரு தம்பி, ஜிப் பாதி திறந்த பையும் சேறு காய்ந்த பூட்ஸுமாக வரிசையில் நின்றார். பதினொரு வருடம் முன்பு நானும் அப்படித்தான் நின்றேன். தொப்பி, மழைக்கோட்டு எல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

விசா

தங்க இடமும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு உழைத்தால், சம்பளமே இல்லாவிட்டாலும் நியூசிலாந்தில் அது வேலைதான். சுற்றுலா விசா போதாமல் போகலாம். டிக்கெட் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

பறவைக்குத் தீனி

போடாதீர்கள். டகாஹே எனும் பறக்காத பறவை உங்கள் காலடி வரை வந்து நின்றாலும் போடாதீர்கள்.

பையைச் சோதிக்காமல் வருவது

இதில்தான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. டிரிட்டிரி மட்டங்கி வெறும் 220 ஹெக்டேர். மேய்ச்சலில் மொட்டையாகிப் போன தீவு. 1984 முதல் 1994 வரை தன்னார்வலர்கள் சுமார் 2,80,000 கன்றுகளை நட்டார்கள். 1993-ல் கியோரே எனும் பசிபிக் எலியை ஒழித்தார்கள். ஒரு காலத்தில் ஹவுதூரு தீவில் மட்டுமே மிஞ்சியிருந்த ஹிஹி பறவை 1995-ல் இங்கே வந்தது. இத்தனையையும் கெடுக்க, பையில் ஒளிந்து வரும் ஒரு சினை எலி போதும்.

மிகையாகச் சொல்லவில்லை. 2004-ல் இதே ஹவுராக்கி வளைகுடாவில், ஆராய்ச்சிக்காக ஒரே ஒரு எலியை ஒரு குட்டித் தீவில் விட்டார்கள். பொறி வைத்தார்கள், நாய் விட்டுத் தேடினார்கள். 18 வாரம் பிடிபடவில்லை. நடுவே 400 மீட்டர் கடலை நீந்திப் பக்கத்துத் தீவுக்கே போய்விட்டது. தெற்கே பிக் சவுத் கேப் தீவில் 1960களில் கப்பல் எலி ஏறியபோது ஓர் உள்ளான் பறவையினம் பூண்டோடு அழிந்தது. 1964-ல் 36 பறவைகளைப் பிடித்து வேறு தீவுகளுக்கு மாற்றியதால்தான் தென்தீவு சேடில்பேக் எனும் பறவை பிழைத்தது.

என் கதைக்கு வருகிறேன். பையை முந்தின இரவு கராஜ் தரையில் திறந்தபடி வைத்திருந்தேன். காலையில் துறையில் பைகளைச் சோதித்த பெண்மணி என் ஜாக்கெட் கைப்பட்டியைப் பிரித்தார். வெல்க்ரோவில் ஒட்டுப்புல் விதைகள். அடுத்து முறுக்குப் பொட்டலம். ரப்பர் பேண்டுக்கு அடியில் எறும்புகள் வரிசையாக ஓடின. அவர் திட்டவில்லை, பையைச் சட்டென்று மூடி ஒரு டப்பாவுக்குள் போட்டுப் பூட்டினார். படகு நானில்லாமல் போனது. டிரி தீவில் 2000-ல் அர்ஜென்டினா எறும்பு இருப்பது தெரிந்து, அதை ஒழிக்க வருடக்கணக்கில் பாடுபட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“நான் எதையும் சுத்தமாகத்தான் வைத்திருப்பேன்” என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது உங்கள் சுத்தத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பையை வெயிலில் கொட்டி, உதறி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துப் பாருங்கள். பூட்ஸ் பள்ளங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். சாப்பாடு மூடியுள்ள கெட்டி டப்பாவில்தான்; அட்டைப்பெட்டி கூடாது. மூடிய அறையில் அடுக்குங்கள். ஜிப்பை இழுத்த பிறகு தீவில்தான் திறக்க வேண்டும்.

விமான நிலையம்

ஊறுகாய், பொடி, மண் பட்ட ஷூ எல்லாவற்றுக்கும் படிவத்தில் ‘ஆம்’ என்றே குறியுங்கள். சொல்லாமல் விட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

வானிலை

காற்று அடித்தால் படகு வராது. இரண்டு நாள் சாப்பாடு கூடுதலாக.

அப்புறம் அந்தத் தம்பி. படகு கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. என் பல் பிரஷ்ஷைக் கொடுத்தேன், நான் ஒரு பூட்ஸை எடுத்துக்கொண்டேன். இருவரும் துறையோரம் உட்கார்ந்து சுரண்டினோம். இடது கால் பூட்ஸில் மட்டும் மூன்று விதைகள் இருந்தன.