பைக்ல பிரேக் ஆயில் இறங்கிருச்சா? ஊத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

போன மாசம் ஒரு நாள் காலையில மச்சான் போன் பண்ணி, "மாப்ள, முன் பிரேக் புடிச்சா லீவர் கைப்புடி வரைக்கும் வருது, ரெண்டு தடவ பம்ப் பண்ணாதான் புடிக்குது, ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி ஊத்திட்டா சரியாயிடும்ல"ன்னு கேட்டாரு. சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ்ல இருந்து பிகேஇ விரைவுச்சாலை வழியா பைக்ல வேலைக்குப் போற ஆளு, மழை வேற. எனக்கு பக்குனு ஆயிருச்சு. வண்டியத் தொடாதீங்க, இன்னைக்கு எம்ஆர்டி ரயில்ல போங்க, சாயங்காலம் வர்றேன்னுட்டேன். அன்னைக்கு அவருக்கு சொல்லிக் குடுத்தத, புதுசா 2பி பைக் லைசென்ஸ் எடுத்து வண்டி வாங்கியிருக்குற தம்பி தங்கச்சிங்களுக்கும் அப்படியே எழுதுறேன்.

மொதல்ல இந்த ஆயில் என்னன்னு தெரிஞ்சுக்கணும். பேருதான் ஆயில், உண்மையில இது எண்ணெயே கிடையாது, கிளைக்கால் வகை திரவம். எஞ்சின் ஆயில் தெரியாம உள்ள போயிருச்சுன்னா ரப்பர் சீல் எல்லாம் ஊதி வீணாயிடும். அதோட இது காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், நம்ம சிங்கப்பூர்ல காத்து ஈரப்பதம் சராசரியாவே 80 விழுக்காட்டுக்கு மேல. பிரேக் ஆயில டாட் 3, டாட் 4னு தரம் பிரிச்சிருப்பாங்க, புது டாட் 4 கொதிக்கணும்னா குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வேணும், ஆனா தண்ணி 3.7 விழுக்காடு ஏறிட்டா 155 டிகிரியிலயே கொதிச்சுடலாம். கொதிச்சா உள்ள குமிழி வரும், திரவத்த அமுக்க முடியாது ஆனா குமிழிய அமுக்கலாம், அப்ப நீங்க கையில குடுக்குற அழுத்தம் கேலிபருக்கு (சக்கரத்துல இருக்குற டிஸ்க்க அமுக்கிப் புடிக்கிற பாகம்) போய்ச் சேராம குமிழியிலயே தீந்துடும், லீவர் மெத்துனு இருக்குறது அதனாலதான். அதுக்குத்தான் 2 வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொல்றாங்க, வண்டி ஓடலன்னாலும் மாத்தணும்.

இப்ப வேலைக்கு வருவோம். வண்டிய சமமான தரையில நிமிர்த்தி நிறுத்தி, ஹேண்டில திருப்பி ரிசர்வாயர் (லீவர் பக்கத்துல இருக்குற ஆயில் டப்பா) மட்டமா இருக்குற மாதிரி வெச்சுக்கிட்டு, அதுல இருக்குற சின்ன கண்ணாடி ஜன்னல் வழியா ஆயில் மட்டத்த பாருங்க. லோவர் கோட்டுக்கு மேல இருக்கணும். நிறம் வெளிர் மஞ்சள்னா நல்லது, கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) மாதிரி இருந்தா மாத்துற நேரம் தாண்டியாச்சு. மச்சான் வண்டியில கோட்டுக்குக் கீழ, கறுப்பா இருந்துச்சு.

உடனே ஊத்தாதீங்க! மட்டம் ஏன் இறங்குச்சுன்னு பாக்கணும். பேட் (டிஸ்க்ல உராயிற கட்டை) தேயத் தேய, அத கேலிபருக்குள்ள இருந்து தள்ளுற பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்த ஆயில்தான் நிரப்பும், அதனால மட்டம் தானா இறங்கும். பேட் தேஞ்சது தெரியாம நீங்க மேல ஊத்திட்டீங்கன்னா, நாளைக்கு புது பேட் போட பிஸ்டன உள்ள தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும், பெயின்ட்ட அரிச்சுடும். டார்ச் அடிச்சு கேலிபருக்குள்ள பாருங்க, பேட்ல உராயிற பகுதி 2 மி.மீ.க்கு வந்தா புதுசு வாங்கி வெச்சுக்கோங்க, 1 மி.மீ.னா ஓட்டாதீங்க. டிஸ்க்லயும் குறைஞ்சபட்ச தடிமன் எவ்ளோன்னு பொறிச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ தேஞ்சிருந்தா டிஸ்க்கையே மாத்தணும். பேட் நல்லா இருந்தும் மட்டம் இறங்குதுன்னா எங்கயோ ஒழுகுது, ஹோஸ் முனை, கேலிபர் ஓரம், லீவர் அடின்னு டிஷ்யூ வெச்சு ஒத்திப் பாருங்க, ஈரம் இருந்தா நேரா வொர்க்‌ஷாப்தான்.

மச்சானுக்கு பேட் சுத்தமா தேஞ்சு, மட்டம் இறங்கி, உள்ள காத்தும் போயிருச்சு. பம்ப் பண்ணா கெட்டியாகுதுன்னா பெரும்பாலும் காத்துதான்.

பேட் மாத்துறப்ப கேலிபர் கழண்டிருக்கும், அந்த நேரத்துல யாரும் லீவரத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளிய வந்துடும். பிஸ்டன் ஓரத்த பிரேக் கிளீனரால துடைச்சுட்டு, ரிசர்வாயர் மூடியத் திறந்து வெச்சு மெதுவா உள்ள தள்ளுங்க. போல்ட் முறுக்கு அளவு மேனுவல்ல இருக்கும், டார்க் ரெஞ்ச் (அளவு பாத்து முறுக்குற ஸ்பானர்) இல்லன்னா இரவல் வாங்குங்க, குத்துமதிப்பா முறுக்காதீங்க.

அடுத்தது பிளீடிங், அதாவது உள்ள இருக்குற காத்தையும் பழைய ஆயிலையும் வெளிய எடுக்குறது. எச்டிபி அடுக்குமாடி கார்பார்க் லாட்ல இத செய்யாதீங்க, ஒரு சொட்டு பக்கத்து வண்டி மேல பட்டாலும் அடுத்தவங்க பெயின்ட் போச்சு. நாங்க தெரிஞ்சவர் கடை ஓரமா, பக்கெட் தண்ணியோட செஞ்சோம். டாங்க்க துணியால மூடுங்க, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போடுங்க. மூடியில எந்த டாட் எழுதியிருக்கோ அதே, சீல் உடைக்காத பாட்டில்தான் வேணும். டாட் 5ன்னா சிலிக்கான், அது டாட் 4 கூட சேராது, டாட் 5.1 வேற, அது கிளைக்கால் வகைதான்.

பிளீட் நிப்பிள்ல (கேலிபர்ல ஆயில வெளிய விடுற சின்ன திருகு) ரிங் ஸ்பானரப் போட்டு, தெளிவான ட்யூப் மாட்டி, மறுமுனைய கொஞ்சம் புது ஆயில் இருக்குற பாட்டில்ல முக்கிடுங்க. லீவர மெதுவா சில தடவ அமுக்கிப் பிடிச்சுக்கோங்க. நிப்பிள கால் சுத்து திறங்க, ஆயில் வரும், லீவர் இறங்கும். நிப்பிள மூடுங்க, அதுக்கப்புறம்தான் லீவர விடணும். இந்த வரிசை மாறிச்சுன்னா வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துடும், ஒருத்தர் லீவர், ஒருத்தர் ஸ்பானர்னு வாய் விட்டு சொல்லிக்கிட்டே செய்யுங்க. நடுநடுவுல ரிசர்வாயர நிரப்பிக்கிட்டே இருக்கணும், காலியாச்சுன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். குமிழி நின்னு தெளிவான ஆயில் வர்ற வரைக்கும் விடாதீங்க. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம தடுக்குற அமைப்பு) இருக்குற வண்டி, வெடிச்ச ஹோஸ், சீல் மாத்துறது இதெல்லாம் முதல் தடவையில வேணாம், மெக்கானிக்கிட்ட குடுங்க, காசு போனாலும் பரவாயில்ல.

எல்லாம் மூடினதும் லீவர பலமா ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க, லீவர் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சுன்னா வண்டிய எடுக்காதீங்க. சிந்தின இடத்த தண்ணி விட்டுக் கழுவுங்க, டிஸ்க்க பிரேக் கிளீனரால துடைங்க. பழைய ஆயில சாக்கடையில ஊத்தாம பாட்டில்ல அடைச்சு வொர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க.

அப்புறம் நடக்குற வேகத்துல வண்டிய உருட்டி நாலஞ்சு தடவ புடிச்சுப் பாத்துட்டுதான் ரோட்டுக்குப் போகணும், புது பேட் முதல் கொஞ்ச தூரம் முழுசா புடிக்காது, முன்வண்டிய விட்டு தள்ளியே போங்க. மச்சான் மறுநாள் பிகேஇ ஏறாம உள் ரோட்டுலயே வேலைக்குப் போயிட்டு வந்தாரு.