டாங்கிளைக் கொடுத்தால் மட்டும் லைசென்ஸ் கை மாறாது

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் வீட்டுக்குள்ளேயே கானா ரெக்கார்டிங் செய்யும் சின்ன ஸ்டுடியோக்களில் மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாம் அடிக்கடி கை மாறும். அவற்றோடு சேர்த்து, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் லைசென்ஸைச் சுமக்கும் யுஎஸ்பி டாங்கிளையும் கையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். மைக்குக்கு அது போதும். ஐலாக் என்ற டாங்கிளுக்குப் போதாது.

ஐலாக்கில் லைசென்ஸ் இருப்பது, ஐலாக் இணையதளத்தில் விற்றவர் வைத்திருக்கும் கணக்கில். டாங்கிள் அதைச் சுமக்கும் இடம், அவ்வளவுதான். வாங்கியவர் செருகினால் புரோ டூல்ஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் திறக்கும், அதற்குள் இயங்கும் பிளக்-இன் என்ற குட்டி சாஃப்ட்வேரும் ஓடும். ஆனால் டாங்கிள் உடைந்தாலோ தொலைந்தாலோ மாற்று கேட்க அவருக்கு உரிமை கிடையாது. அப்கிரேடும் விற்றவர் பெயரிலேயே வரும். அதனால் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றியே ஆக வேண்டும்.

அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்பே, அந்த லைசென்ஸை மாற்ற அனுமதி உண்டா என்று பாருங்கள். இதை முடிவு செய்வது பிளக்-இன் தயாரித்த நிறுவனம். மாதச் சந்தா, டெமோ, விற்பனைக்கு அல்லாத என்எஃப்ஆர் லைசென்ஸ் ஆகியவை பொதுவாக மாறாது. மாணவர் விலையில் வாங்கியதற்குப் பெரும்பாலும் தடை இருக்கும். மொத்தமாக வாங்கிய பண்டிலிலிருந்து ஒன்றை மட்டும் உருவி விற்பதும் வழக்கமாக நடக்காது. சந்தேகம் இருந்தால் அந்த நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு விற்பவரே மெயில் போட்டு, வந்த பதிலை வாங்குபவருக்குக் காட்டட்டும்.

அடுத்து வாங்குபவர் ஐலாக் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும். விற்பவருக்குத் தேவைப்படுவது அந்தக் கணக்கின் யூசர் ஐடி. அதைப் போனில் வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், காப்பி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஓர் எழுத்து பிசகி வேறு யாருடைய கணக்குக்காவது போய்விட்டால், அவர் மனது வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு.

விற்பவர் ஐலாக் லைசென்ஸ் மேனேஜர் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பைக் கம்ப்யூட்டரில் போட்டு, லாகின் செய்து, டாங்கிளைச் செருகட்டும். இடது பக்கப் பட்டியலில் டாங்கிளைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து டீஆக்டிவேட் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரிலேயே ஆக்டிவேட் செய்திருந்தால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் எடுக்க முடியும். சிக்கல் அதிகம் வருவது இந்த இடத்தில்தான். விற்கும் அவசரத்தில் விண்டோஸை முதலில் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த ஆக்டிவேஷன், இல்லாமல் போன பழைய மெஷினின் பெயரில் மாட்டிக்கொண்டு நிற்கும், மீட்க பிளக்-இன் தயாரித்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். மதர்போர்டு மாற்றினாலும் இதே கதி. லைசென்ஸை எடுத்த பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.

இப்போது அது அவெய்லபிள் பகுதிக்கு வந்திருக்கும். ரைட் கிளிக், டிரான்ஸ்ஃபர், வாங்குபவரின் ஐடி. உறுதி செய்வதற்கு முன் இருவரும் சேர்ந்து ஐடியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஐலாக்கை நடத்தும் பேஸ் நிறுவனம் இதற்குக் கட்டணம் வாங்கும். வழக்கமாக லைசென்ஸுக்கு 25 டாலர், சரியான தொகை பணம் கட்டும் முன் திரையில் தெரியும். இதை யார் ஏற்பது என்று விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். சின்ன பிளக்-இன்னுக்கு இந்தக் கட்டணமே விலையைத் தாண்டிவிடும், அதை விற்பதில் அர்த்தமில்லை. டாலரில் கட்டுவதால் வங்கி ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே ஆன் செய்து வையுங்கள்.

வாங்கியவர் தன் கணக்கில் லைசென்ஸைப் பார்த்து, தன் டாங்கிளில் ஆக்டிவேட் செய்து, ஒரு புது செஷனில் பிளக்-இன்னைப் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் எல்லாம் ஒரே மூச்சில் முடியும். இரண்டாம் தலைமுறை ஐலாக் 500 லைசென்ஸ் தாங்கும், மூன்றாம் தலைமுறை 1500. ஏற்கெனவே ஒன்று இருந்தால் புதிது தேவையில்லை. விற்பவரின் காலி டாங்கிள் இன்னும் அவர் கணக்கில்தான் பதிவாகியிருக்கும், அதை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்டெயின்பெர்க்கின் பழைய இ-லைசென்சர் டாங்கிள் கதை நேர்மாறு. அவர்களுடைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான கியூபேஸின் 12-ஆம் பதிப்பு வந்த 2022-லிருந்து அவர்கள் கணக்கு முறைக்கு மாறிவிட்டார்கள், இ-லைசென்சர் சேவையை 2025 மே 20-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். கியூபேஸ் 11-ம் அதற்கு முந்தையவையும் டாங்கிள் உயிரோடு இருக்கும்வரை ஓடும், ஆனால் வேறு டாங்கிளுக்கு நகராது. அது செத்தால் லைசென்ஸும் போச்சு. பழைய கியூபேஸை யாராவது விலை சொன்னால் இதைக் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

யூனிவர்சல் ஆடியோவின் பிளக்-இன்களை ஓட்டும் கருவிகளான யுஏடி-2 கார்டு, அப்போலோ இன்டர்ஃபேஸ் ஆகியவற்றை வாங்கும்போது பெட்டியை எடுத்து வந்துவிட்டால் பிளக்-இன் கூடவே வந்துவிடாது. பெட்டியை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை விற்பவர் தன் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் கடல் காற்று பட்டுப் பட்டு டாங்கிளின் நான்கு தகடுகளிலும் பச்சை பிடிக்கும். அப்போது லைசென்ஸ் மேனேஜரில் டாங்கிள் தோன்றித் தோன்றி மறையும். கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கம்ப்யூட்டரில் நேராகச் செருகுங்கள். ஆடும் ஹப்பில் வைத்து டீஆக்டிவேட் கொடுக்காதீர்கள். கரண்ட் அடிக்கடி போகும் நேரமென்றால் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்போது செய்யுங்கள்.

ஐலாக்கில் மாறிய பிறகும் ஒரு வேலை பாக்கி. பல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கின்றன, இன்ஸ்டாலரும் அப்கிரேடு விலையும் அங்கேதான் வரும். பழைய இன்வாய்ஸையும் சீரியல் எண்ணையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி, அங்கேயும் பெயரை மாற்றச் சொல்லி சப்போர்ட்டுக்கு எழுதிவிடுங்கள்.