இத்தாலி மொழி முதல் செமஸ்டர்: நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட்ல பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்திக்கு யூனிவர்சிட்டி கிடைச்சிருக்கு. மூனாவது மொழி ஒன்னு எடுக்கணுமாம், இத்தாலி எடுக்கலாமாக்கான்னு வந்து கேட்டா. தாராளமா எடு, ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் என்கூட உக்காருன்னு சொன்னேன், ஒரு மணி நேரம் மூனு மணி நேரமா போச்சு, அவகிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதுறேன். தோட்டத்துப் பிள்ளைங்க, தமிழ்ப்பள்ளியில படிச்சு வந்தவங்க இதை முக்கியமா படிக்கணும்னு ஆசை.

எல்லா தப்புக்கும் தாய் ஒரே தப்புதான். எதைப் பார்த்தாலும் மொதல்ல இங்கிலீஷ்ல மாத்திக்கிறது, அப்புறம் அங்கேருந்து இத்தாலிக்கு போறது. கிளாஸ்ல நோட்ஸ் இங்கிலீஷ்ல இருக்கும், லெக்சரர் விளக்குறது இங்கிலீஷ்ல இருக்கும், அதனால நம்ம மூளையும் தமிழையும் மலாயையும் வாசல்லயே கழட்டி வச்சிட்டு உள்ள போகுது. நானும் அப்படித்தான் போனேன், மொத ஆறு வாரம் வீணாப்போச்சு. இத்தாலிக்கு வேண்டிய பாதி சாமான் நம்ம வாயில ஏற்கனவே இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல.

ரெட்டை எழுத்தை எடுத்துக்குங்க. இத்தாலியில ஒரு மெய் ஒத்தையா வர்றதுக்கும் ரெட்டையா வர்றதுக்கும் அர்த்தமே மாறிடும். இங்கிலீஷ்ல ரெண்டு எல் எழுதினாலும் ஒன்னாத்தான் படிப்பாங்க, அதனால இங்கிலீஷ் வழியா போனவங்களுக்கு இது காதுலயே விழாது. நமக்கு? இலை வேற, இல்லை வேற. மூனு வயசு பிள்ளை கூட மாத்தி சொல்லாது. அதே கதைதான் அங்கேயும்: பாலான்னா மண் அள்ளுற சவல், பல்லான்னா பந்து. நோனோன்னா ஒன்பதாவது, நொன்னோன்னா தாத்தா. காஸான்னா வீடு, கஸ்ஸான்னா பெட்டி, கடையில காசு கட்டுற இடத்துக்கும் அதே பேருதான். ஒத்தை மெய்க்கு முன்னாடி அழுத்தி சொல்ற உயிர் நீளும், ரெட்டைக்கு முன்னாடி குறுகும், இதை எங்க நோட்ஸ்ல அரைப்பக்கம் எழுதி வச்சிருந்தாங்க, தமிழ் எழுத்துல எழுதினா அந்த அரைப்பக்கமும் ரெண்டு வார்த்தையில தெரிஞ்சிடுது பாருங்க.

பேனா விசயத்துல மட்டும் பத்திரம். நாம எழுதுறதை பேனான்னு சொல்லி பழகிட்டோம், ஆனா இத்தாலியில பேனான்னா துயரம், தண்டனை. எழுதுறது பென்னா. அதைவிட முக்கியம் வயசு சொல்றது. வருசத்துக்கு அன்னோ, பன்மையில அன்னி. ஒரு னகரத்தை விட்டுட்டு ஆனின்னு சொன்னீங்கன்னா அது உடம்புல மலம் போற வழி. மொத வாரத்துலயே எல்லாரும் தன் வயசை சொல்லித்தான் ஆகணும், கூச்சத்துல வேகமா சொல்லி முடிச்சிடலாம்னு பார்க்கிறப்பதான் அந்த ன் விழுந்துபோகும். நிதானமா அழுத்தி சொல்லுங்க.

மிட்செம் பிரேக்ல, அதாவது செமஸ்டர் நடுவுல வர்ற லீவுல, வீட்டுக்கு வந்தப்ப எங்கம்மாகிட்ட இதை பழகினேன். அம்மா முப்பது வருசத்துக்கு மேல ரப்பர் பால் வெட்டுனவங்க, இத்தாலி எந்தப் பக்கம் இருக்குன்னு கூட அவங்களுக்கு அக்கறை இல்ல. முன்வாசல்ல தட்டுல நெத்திலி கொட்டி தலையை கிள்ளி கிள்ளி போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் நோட்டை மறைச்சு வச்சிக்கிட்டு வார்த்தையை சொல்லுவேன், அவங்க ஒத்தையா ரெட்டையான்னு சொல்லணும், அவ்வளவுதான். நான் நொன்னோன்னு நினைச்சு சொன்னேன், அம்மா கையை நிறுத்தாமலே "ஒத்தை"ன்னாங்க. இல்லம்மா ரெட்டைன்னேன். "நீ சொன்னது ஒத்தைடி, மறுபடி சொல்லு"ன்னாங்க. மறுபடி சொன்னேன், "இப்ப ரெட்டை". நெத்திலி தீர்ற வரைக்கும் நாப்பது வார்த்தை சொல்லியிருப்பேன். லெக்சரர் ஒருத்தர் முப்பது பேருக்கு நடுவுல எனக்கு குடுக்க முடியாத நேரத்தை அம்மா குடுத்தாங்க, அவங்க காதுல அந்த வித்தியாசம் பிறந்ததுலேருந்து இருக்கு. உங்க வீட்டுல தமிழ் பேசுற பெரியவங்க யார் இருந்தாலும் இதை செய்யலாம்.

இங்க ஒரு விசயம் சொல்லாம போக மனசு வரல. நோனோ, நொன்னோன்னு நாம எழுதுறோமே, அந்த ஒகர ஓகார வித்தியாசம் ஓலைச்சுவடியில தெளிவா தெரியாம இருந்துச்சு, கொம்பை சுழிச்சு ரெண்டையும் பிரிச்சு காட்டினவர் வீரமாமுனிவர்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அவர் பேரு பெஸ்கி, 1680-ல வட இத்தாலியில பொறந்தவர், வளர்ந்த பிறகு கப்பலேறி வந்து தமிழ் படிச்சு தேம்பாவணி எழுதினவர். ஒரு இத்தாலிக்காரர் நம்ம எழுத்துல செஞ்ச வேலையை வச்சு இன்னைக்கு நான் அவர் மொழியை எழுதி படிக்கிறேன்னு தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அவ்வளவு சந்தோசம்.

ஆனா தமிழ் எழுத்தை மட்டுமே நம்பி போறதும் ஒரு தப்பு, அதையும் நான் செஞ்சிருக்கேன். ல, ன, ம மாதிரி எழுத்துக்கு தமிழ் கச்சிதமா ஒத்துப்போகும். வல்லினம் வந்தா மாட்டிக்குவோம். ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தை க, த, ப வந்தா நம்ம வாய் தானா மெலிய வச்சிடும். நண்பனுக்கு இத்தாலியில அமீகோ. அதை நாம சாதாரணமா தமிழ் மாதிரி படிச்சா, மகன்ல வர்ற க மாதிரி மெலிஞ்சு, ஸ்பெயின்காரங்க சொல்ற வார்த்தை ஆயிடுது. சரி, மெலியக்கூடாதுன்னு அமீக்கோன்னு அழுத்துனா ரெட்டை ஆயிடுது. ரெண்டுமே தப்பு. நடுவுல ஒரு சத்தம் இருக்கு, அது தமிழ்ல கிடையாது, ஆனா மலாய்ல இருக்கு! காலுக்கு மலாய்ல என்ன சொல்றோம், காக்கி. நாம க்க-ன்னு எழுதினாலும் அதுல வர்ற ரெண்டாவது க மெலியவும் இல்ல ரெட்டையும் இல்ல, அதேதான் அமீகோ. உயிர், வாழ்க்கைக்கு வீதா, நாமங்கிறதுக்கு மலாய்ல கித்தா, ரெண்டையும் பக்கத்துல வச்சு சொல்லிப் பாருங்க, பின்பாதி ஒரே சத்தம். பாசார்ல, சந்தையில தினம் பேசுற மலாயை அப்படியே கொண்டுபோங்க.

அதே மாதிரி ட, த. இங்கிலீஷ் வார்த்தைக்கு ட போட்டு பழகினதால இத்தாலி வார்த்தைக்கும் டுட்டோ, பாஸ்டான்னு ட போடுறோம். இத்தாலியில அது பல்லுல நாக்கு படுற த. துத்தோ, பாஸ்தா. தாமான், கோத்தான்னு மலாய் வார்த்தையை எழுதுறப்ப நாம த-வைத்தானே போடுறோம், அதே த. ஆனா பாஸ்தான்னு தமிழ்ல எழுதி வச்சா இன்னொரு குழப்பம், சாப்பிடுறதும் அதே எழுத்து, போதும்னு சொல்றதும் அதே எழுத்து, மொத சத்தம் மட்டும் வேற. பந்துல வர்ற ப ஒன்னு, பஸ்ல வர்ற ப ஒன்னு. நான் பஸ் ப-வுக்கு கீழ கோடு போட்டுக்குவேன். க, த-வுக்கும் அப்படித்தான்.

மலாய் உதவி பண்ற மாதிரியே காலையும் வாரும், சி (c) எழுத்து வர்ற இடத்துல. 1972 எழுத்து மாற்றத்துக்கு அப்புறம் மலாய்ல சி எங்க வந்தாலும் ச்ச சத்தம்தான், பாச்சா, சூச்சின்னு. அந்தப் பழக்கத்துல வீடுங்கிற காஸாவை சாஸான்னு படிக்காத மலேசிய மாணவனை நான் பார்க்கல. விதி சின்னதுதான்: சிக்குப் பின்னாடி ஏ (a), ஓ (o), யூ (u) வந்தா க. ஈ (e), ஐ (i) வந்தா ச்ச. நடுவுல எச் புகுந்தா திரும்பவும் க, அந்த எச்சுக்கு வேற வேலையே இல்ல. யார்ங்கிறதுக்கு கி, சர்ச்சுக்கு கியேஸா. கோலாலம்பூர் சாப்பாட்டுக் கடையில ப்ருஷெட்டான்னு சொல்றாங்களே, அது ப்ருஸ்கெத்தா. ஜி எழுத்துக்கும் இதே விதி. ஜியும் (g) என்னும் (n) சேர்ந்து வந்தா பயப்படாதீங்க, அது நம்ம ஞ, ஞாயிறுல வர்றது, கொசுவுக்கு ஞாமுக்னு சொல்றப்ப வர்றது. மத்தவங்க அதுக்கு ரெண்டு வாரம் கஷ்டப்பட்டாங்க.

இலக்கணத்துல பிடிக்கும்ங்கிற வார்த்தையிலதான் அதிகமா மார்க்கு போகும். இங்கிலீஷ்காரங்க நான் விரும்புறேன்னு நினைச்சுக்கிட்டு நான்-ல ஆரம்பிப்பாங்க, தப்பாகும். இத்தாலிக்காரங்க சொல்றது மி பியாச்சே. மி-ன்னா எனக்கு. எனக்கு பிடிக்குது. தமிழ்ல எப்படியோ அப்படியே! எனக்கு காப்பி பிடிக்குது, யாருக்கு பிடிக்குதோ அவங்களுக்கு கு, இத்தாலியில பிடிச்ச பொருள்தான் எழுவாய். பிடிச்சது பலதா இருந்தா மட்டும் வினை மாறும், மி பியாச்சொனோ, அதை மறந்துடாதீங்க, ஏன்னா நாம எத்தனை மாங்காய் பிடிச்சாலும் பிடிக்குதுன்னே சொல்லிடுவோம். (முதல் பியாச்சேல ச்ச அழுத்தக்கூடாது, பாச்சா மாதிரி ஒத்தை. பியாச்சொனோல நல்லா அழுத்தணும்.) இதை தமிழ்ல யோசிச்ச அன்னையிலேருந்து எனக்கு இந்தக் கேள்வியில ஒரு மார்க்கு கூட போகல.

நான், நீ-ன்னு ஒவ்வொரு வாக்கியத்துலயும் போடுறதும் இங்கிலீஷ் பழக்கம். போறேன்னு சொன்னா யார்னு தெரியுதுல்ல, அதேதான் வாதோ. நான்ங்கிறதுக்கு ஈயோன்னு ஒரு வார்த்தை இருக்கு, அழுத்தி சொல்லணும்னா மட்டும் போடுங்க.

தமிழ் கை விடுற இடமும் இருக்கு, மறைக்க மாட்டேன். வயசுக்கும் பசிக்கும் அவங்க வச்சிருக்கிறதுங்கிற வினையை போடுவாங்க, எனக்கு 19 வயசுங்கிறதை 19 வருசம் வச்சிருக்கேன்னு சொல்லுவாங்க, வயசுக்கும் பசிக்கும் அப்படி ஒரு வினை போடுற பழக்கம் நம்மகிட்ட கிடையாது. இங்கிலீஷ்ல யோசிச்சா இருக்கிறேன்னு போட்டுடுவோம், அதுவும் தப்பு. ஓ-ன்னு ஆரம்பிக்கிற அந்த வினையை தனியா உக்காந்து மனப்பாடம் பண்ணுங்க, குறுக்கு வழி இல்ல.

ஆண்பால் பெண்பாலும் அப்படித்தான். நமக்கு மேசையும் நாற்காலியும் அது. மலாய்ல ஒன்னுமே இல்ல. அங்க ஒவ்வொரு பொருளும் ஆணா பெண்ணா தெரியணும். ஓ-ல முடிஞ்சா ஆண், ஆ-ல முடிஞ்சா பெண்ணுன்னு மொத நாள் சொல்லிக்குடுப்பாங்க, அதை வச்சே செமஸ்டரை ஓட்டலாம்னு நினைக்கிறது பெரிய தப்பு. கை, லா மானோ, ஓ-ல முடியுது ஆனா பெண். ப்ரொப்ளேமா, சிஸ்தேமா, தேமா எல்லாம் ஆ-ல முடியுது ஆனா ஆண், கிரேக்கத்துலேருந்து வந்த வார்த்தைங்க. ஃபோட்டோ பெண், சினிமா ஆண், ரெண்டும் நீளமான வார்த்தையை வெட்டி வந்தது, முழு வார்த்தையோட பால் அப்படியே ஒட்டிக்கிச்சு. அதனால வார்த்தையை தனியா படிக்காதீங்க, முன்னாடி வர்ற இல் (ஆணுக்கு), லா (பெண்ணுக்கு) சேர்த்தே படிங்க. நான் ஆணுக்கு நீலப் பேனா, பெண்ணுக்கு சிவப்புப் பேனா. ஆணுக்கு இல் சில இடத்துல லோ ஆகும், லோ ஸ்தூதெந்தேன்னு, பின்னாடி வர்ற சத்தத்தைப் பார்த்து மாறும், அதுக்கு மட்டும் கவலை வேண்டாம், ஒரு மரம், ஓர் ஊர்னு ஆறு வருசம் டீச்சர் சிவப்பு மை வச்சு திருத்தினதை நினைச்சுக்குங்க.

மரியாதையில ஒரு எச்சரிக்கை. நீ-க்கு தூ, நீங்க-வுக்கு லேய். லெக்சரரை பார்த்து சாவ்னு சொல்லாதீங்க, அது கூட்டாளிங்களுக்கு, பெரியவங்களுக்கு புவோன்ஜோர்னோ. நீங்க வாங்கன்னு நாம பன்மை வினை போடுற பழக்கத்துல லேய்-க்கும் பன்மை போட்டுடுவோம். அங்க அது படர்க்கை ஒருமை, அவள்ங்கிறதுக்கும் அதே வார்த்தைதான். எப்படி இருக்கேன்னு கேக்க கோமே ஸ்தாய், எப்படி இருக்கீங்கன்னு கேக்க கோமே ஸ்தா.

வார்த்தையில ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டாம், இங்கிலீஷ் மாதிரி தெரியறதை மட்டும் சந்தேகப்படுங்க: காமெரான்னா அறை, பரேந்தின்னா சொந்தக்காரங்க, புர்ரோன்னா வெண்ணெய், கால்தோன்னா சூடு. போர்த்துக்கீசும் இத்தாலியும் ஒரே லத்தீன் வயித்துப் பிள்ளைங்க, போர்த்துக்கீசுலேருந்து வந்த நம்ம சாவி அங்க கியாவே, அலமாரி அங்க அர்மாதியோ, பள்ளிக்கூடத்துக்கு மலாய்ல சொல்ற செக்கோலா அங்க ஸ்குவோலா.

கடைசியா ஒன்னு. லீவுல ஊருக்கு வந்தா நோட்டை தொடுறதே இல்லை, யார்கிட்ட பேசுறது, இத்தாலி படிச்சு என்ன செய்யப்போறன்னு கேப்பாங்கன்னு வாயை மூடிக்கிறோம். எங்க மாமாவும் கேட்டாரு. எனக்கு பிடிச்சிருக்கு மாமான்னு சொன்னேன், சரிம்மா படின்னு போயிட்டாரு. தினம் பத்து நிமிசம் சத்தமா வாசிங்க, மனசுக்குள்ள வாசிச்சா ரெட்டை எழுத்து வராது. தங்கச்சிக்கு நாப்பது வார்த்தை எழுதிக் குடுத்திருக்கேன், சாயங்காலம் எங்க வீட்டு வாசல்ல அம்மா முன்னாடி உக்காந்து சொல்றா, நேத்து எட்டு தடவை "ஒத்தை" வாங்கினா, இன்னைக்கு மூனு.