டாப் லிங்க் இறுகிப் போச்சா? அடிச்சு உடைக்கிறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

மேலூர், வாடிப்பட்டி பக்கமெல்லாம் தொழி உழவு முடிஞ்சதும் சேத்தோட டிராக்டரை நிப்பாட்டிடுறாங்க, அது காஞ்சு, டிராக்டரையும் கலப்பையையும் மேல்பக்கமா இணைக்கிற டாப் லிங்க்கோட மரைக்குள்ள துரு ஏறி அடுத்த போகத்துக்குத் திருப்புனா அசையவே மாட்டேங்குது. கலப்பைய தரையில நல்லா இறக்கி இஞ்சின ஆஃப் பண்ணிட்டு லிங்க்கை தனியா கழட்டிக்கங்க, தூக்கி நிக்கிற கலப்பைக்கு அடியில தயவுசெஞ்சு கைய விடாதீங்க. கம்பி பிரஷ்ஷால மரையத் தேச்சு, துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயோ டீசலோ ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விடுங்க.

இப்ப முக்கியமான விசயம், ஒரு பக்கம் சாதா மரை, இன்னொரு பக்கம் இடது மரை, அதாவது எதிர்ப்பக்கமா திருப்புனாத்தான் கழலும், இது தெரியாம ரெண்டையும் ஒரே மாதிரி திருப்பித்தான் நிறைய பேரு இன்னும் இறுக்கி விட்டுர்றாங்க. லாக் நட்டு இருந்தா அத முதல்ல லூஸ் பண்ணுங்க, ஒரு முனைய வைஸ்ல புடிச்சுக்கிட்டு நடுக்குழாய சுத்தியால சுத்தி தட்டிக்கிட்டே அங்கிட்டும் இங்கிட்டுமா கொஞ்சங்கொஞ்சமா அசைங்க. மரை மேல மட்டும் அடிக்காதீங்க. அப்பவும் வரலைன்னா எண்ணெயெல்லாம் துடைச்சிட்டு குழாய மட்டும் பட்டறையில சூடு காட்டச் சொல்லுங்க. கழண்டதும் மரை முழுக்க கிரீஸ்.

அப்படியே லிங்க்கை மாட்டுற பின்னையும் (pin) பாருங்க. உங்க டிராக்டர் இணைப்போட அளவு வகை கேட்டகிரி 1-னா டாப் லிங்க் பின் 19 மில்லி, கீழ் லிங்க் பின் 22 மில்லி, தேஞ்சு பள்ளம் விழுந்திருந்தா புதுசு மாத்துங்க, கான்கிரீட் கம்பிய வெட்டி சொருகுறது ரொம்ப ஆபத்துங்க, ரோட்டுல போகும்போது முறிஞ்சா பின்னாடி பைக்குல வர்றவரு கதி என்னாகும். லிங்க் முனையில பின் நுழையுற உருண்டை, அதான் பால் (ball), தேஞ்சு ஆடுச்சுன்னா லிங்க் முனைய வெட்டிட்டு புது முனை வெல்டு வச்சுத் தருவாங்க, முழு லிங்க்கும் வாங்க வேண்டியதில்ல.