சுவரைத் துளைக்காமல் இணையத்தைப் பின்கட்டுக்குக் கொண்டுபோவது எப்படி

காரைக்குடிப் பக்கம் வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். முன்பெல்லாம் ஃபேன் ஓடவில்லை, ஃபியூஸ் போய்விட்டது என்று அழைத்தவர்கள் இப்போது “அடுப்படிக்கு அடுத்த அறையில் வைஃபை வரவில்லை, வந்து பாருங்கள்” என்று அழைக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஃபைபர் கேபிள் முகப்பில் நுழைகிறது. ரவுட்டரும் அங்கேயே மாட்டப்படுகிறது. அதற்குப் பின்னால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு அடுத்த தெரு வரைக்கும் நீள்கிறது. இடையில் இருப்பவை செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமான தடித்த சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஓரிரு சுவர்களிலேயே களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் போகும், பின்கட்டுவரை போகாது.

இதற்கு முதல்தரமான தீர்வு லேன் கேபிள் இழுப்பதுதான். யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் முட்டைவெள்ளை கலந்து கண்ணாடிபோல் இழைத்த சுவரில் டிரில்லரை வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? வீடு பங்காளிகளின் பொதுச் சொத்தாக இருந்தால் ஒரு ஓட்டை போடுவதற்குள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன் பேச வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட வீடுகளுக்காகவே வந்ததுபோல் இருப்பது பவர்லைன் அடாப்டர். ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் கரண்ட் வயரையே இணையத்துக்கும் பயன்படுத்தும் கருவி அது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. பவர்லைன் கருவி அதே செம்புக் கம்பியில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் தகவலை ஏற்றி அனுப்புகிறது. இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரியது என்பதால் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஜோடியாக விற்பார்கள். ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகி லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். மற்றொன்றை இணையம் வேண்டிய அறையின் பிளக்கில் சொருக வேண்டும். வேலை இவ்வளவுதான் என்று பெட்டியின் மேல் படம் போட்டிருப்பார்கள். நம் ஊர் வீடுகளில் இவ்வளவில் முடிவதில்லை. பெட்டி வாங்குவதற்கு முன் உங்கள் மெயின் போர்டைப் பார்க்க வேண்டும்.

முதலில் ஃபேஸ்

தமிழ்நாட்டில் கொஞ்சம் பெரிய வீடு என்றாலே மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கும். முகப்பு விளக்குகள் ஒரு ஃபேஸில், ஏசி ஒரு ஃபேஸில், அடுப்படியும் மோட்டாரும் இன்னொன்றில் என்று பிரித்திருப்பார்கள். பவர்லைன் கருவிகள் இரண்டும் ஒரே ஃபேஸில் இருந்தால்தான் நன்றாகப் பேசிக்கொள்ளும். வேறு வேறு ஃபேஸில் இருந்தால் வயர்கள் பைப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடங்களில் கசிகிற சிக்னலை நம்பித்தான் இருக்க வேண்டும். சில வீடுகளில் அதுவே போதுமானதாக இருந்துவிடும். பல வீடுகளில் கருவியின் விளக்கு மட்டும் எரியும், இணையம் தவழும்.

எந்தப் பிளக் எந்த ஃபேஸ் என்று கண்டுபிடிப்பது எளிது. கரண்டை அறைகளுக்குப் பிரித்துவிடும் டி.பி. பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வரிசை எம்.சி.பி.கள் (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்சுகள்) பிரிந்திருக்கும். ரவுட்டர் இருக்கும் பிளக்கில் ஒரு டேபிள் லைட்டைப் போட்டுவிட்டு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எது அணைத்தால் விளக்கு அணைகிறதோ, அது எந்த வரிசை என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்கட்டுப் பிளக்குக்கும் இதையே செய்யுங்கள். இதைச் செய்யும்போது பெட்டியின் உள்மூடியைக் கழற்றக் கூடாது, எம்.சி.பி.யின் நெம்புகோலைத் தவிர எதையும் தொட வேண்டியதில்லை. எம்.சி.பி. இல்லாமல் பழைய ஃபியூஸ் கட்டைகள்தான் இருக்கின்றன என்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். நாங்கள் இரண்டு பிளக்குகளின் ஃபேஸுக்கும் நடுவில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்ப்போம்: ஏறக்குறையப் பூஜ்யம் காட்டினால் ஒரே ஃபேஸ், 400 வோல்ட் அளவில் காட்டினால் வேறு ஃபேஸ். நீங்கள் வீட்டில் முயலக் கூடாத வேலை இது.

வேறு ஃபேஸ் என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். பின்கட்டு அறைக்கான எம்.சி.பி.யை டி.பி. பெட்டியிலேயே மற்ற ஃபேஸுக்கு மாற்றிவிடலாம். தெரிந்த ஆளுக்கு அது சின்ன வேலை. ஏசி, ஹீட்டர் போன்ற கனமான சுமை அந்த வரியில் இருந்தால் மட்டும் மூன்று ஃபேஸுக்கும் சுமை சமமாக இருக்கிறதா என்று அவர் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி ஃபேஸ் மாற்றும் சுவிட்ச். நம் பக்கத்தில் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் குறைந்தால் திருகி அடுத்த ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ள மெயின் போர்டில் வட்டமான சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதை யாராவது திருகினால் அதுவரை ஒழுங்காக ஓடிய இணையம் திடீரென்று படுத்துவிடும். வீட்டில் ஒருவருக்கும் காரணம் புரியாது. ரவுட்டர் வரிசையும் பின்கட்டு வரிசையும் ஒரே சுவிட்சின் கீழ் இருந்தால் பாதிப்பில்லை, இரண்டும் சேர்ந்தே மாறும். தனித்தனிச் சுவிட்ச் என்றால் இரண்டும் எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிச் சுவிட்சின் மேலேயே ஒட்டிவிடுங்கள். தானாக மாறும் எலக்ட்ரானிக் செலக்டர் இருக்கும் வீடுகளில் இன்னும் சிரமம், அது யாரையும் கேட்காமல் மாறும். “மத்தியானம் மட்டும் நெட் வருவதில்லை” என்று சொல்கிற வீடுகளில் நான் முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு மின்மீட்டர் இருக்கும் வீடுகளும் உண்டு. பங்கு பிரித்தபின் ஆளுக்கொரு சர்வீஸ் வாங்கியிருப்பார்கள். ரவுட்டர் ஒரு மீட்டரிலும் அறை மற்றொன்றிலும் இருந்தால் பவர்லைன் வாங்காதீர்கள்.

இன்வெர்ட்டர் என்கிற இரண்டாவது வயரிங்

கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட வேண்டும் என்று அதை இன்வெர்ட்டர் லைனில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். பின்கட்டுப் பிளக் நேரடி ஈ.பி. லைனில் இருக்கும். இப்போது சிக்னல் இன்வெர்ட்டரின் உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும். கரண்ட் இருக்கும்போது ஓரளவு போகும். கரண்ட் போனவுடன் பின்பக்கக் கருவிக்கு உயிரே இருக்காது. இரண்டையும் இன்வெர்ட்டர் லைனிலேயே வைத்துவிட்டால் மின்வெட்டிலும் இணையம் தொடரும். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்கொயர் வேவ் வகை இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது வயரில் ஏகப்பட்ட இரைச்சலை, அதாவது சிக்னலைக் குழப்பும் மின் அதிர்வுகளை, கொட்டும், வேகம் விழும். சைன் வேவ் வகையில் தொல்லை குறைவு. பின்கட்டுக்கு இன்வெர்ட்டர் லைனே போகவில்லை என்றால் முன்பக்கக் கருவியையும் ஈ.பி. பிளக்குக்கு மாற்றி, ரவுட்டருக்கு ஒரு நீளமான லேன் கேபிள் கொடுத்துவிடுங்கள். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ரவுட்டரை மட்டும்தான் ஓட்டும், பவர்லைன் கருவியை ஓட்டாது.

கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியின் மேல் 600, 1000, 2000 மெகாபிட் என்று போட்டிருக்கும் வேக எண்ணை நம்பி வாங்காதீர்கள். அது ஆய்வகக் கணக்கு. 600 என்று எழுதிய பல கருவிகளின் அடியில் இருக்கும் லேன் துளையே 100 மெகாபிட்தான்; அதற்குமேல் எங்கிருந்து வரும்? 1000 என்று தொடங்குபவற்றில் பெரும்பாலும் கிகாபிட் துளை இருக்கும். வீட்டில் உண்மையில் கிடைப்பது பெட்டி எண்ணில் ஒரு சிறு பங்கு. வீடியோ கூட்டத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அதுவே தாராளம்.

தொழில்நுட்பத்தில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று ஹோம்பிளக், 2001இல் நொடிக்கு 14 மெகாபிட் என்று தொடங்கி ஏவி, ஏவி2 என்று வளர்ந்தது. மற்றொன்று ஜி.எச்.என். இவை ஒன்றோடொன்று பேசாது. பின்னால் மூன்றாவது கருவி வாங்குவதாக இருந்தால் அதே குடும்பத்தில் வாங்குங்கள்.

ஏவி2 வகையில் விலை கூடிய கருவிகள் ஃபேஸ், நியூட்ரலோடு எர்த் கம்பியையும் சிக்னலுக்குப் பயன்படுத்தும். பழைய வீட்டின் பிளக்கில் எர்த் துளை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. அங்கே அந்தக் கூடுதல் விலை வீண். எர்த் இல்லாத பிளக்கில் மிக்ஸியும் அயர்ன்பாக்ஸும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இணையத்தை விட்டுவிட்டு முதலில் எர்த் போடுங்கள்.

பின் வடிவத்தையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் ஜோடிகளில் சதுரமான மூன்று பின் இருக்கும், நம் பிளக்கில் ஏறாது. தளர்வான கன்வெர்ட்டரில் மாட்டினால் கருவி தொங்கும், சூடேறும், இணைப்பு விட்டு விட்டு வரும்.

மாட்டும் முறை

இரண்டையும் முதலில் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் பிளக்கில் சொருகி ஜோடி சேர்த்துவிடுங்கள். ஒன்றில் ‘பேர்’ பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதில் அழுத்தினால் போதும். சும்மா சொருகினாலே வேலை செய்கிறதே என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல கருவிகளுக்கும் ஒரே பொதுவான சாவிதான் (கடவுச்சொல் போன்ற ரகசியக் குறியீடு) இருக்கும். சிக்னல் மீட்டரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வயருக்கும் கொஞ்சம் கசியும். பொத்தானை அழுத்தி ஜோடி சேர்த்தால்தான் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகும்.

பிறகு அதனதன் இடத்துக்குக் கொண்டுபோய் நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டாம். அதிலும் ஸ்பைக் பஸ்டர் கூடவே கூடாது. அதன் உள்ளே இருக்கும் வடிகட்டி எதை இரைச்சல் என்று தின்கிறதோ அதுதான் உங்கள் இணையம். பிளக் பற்றாக்குறை என்றால் முன்பக்கத்திலேயே பிளக் துளை வைத்த மாடலை வாங்கி, எக்ஸ்டென்ஷன் போர்டை அதில் சொருகுங்கள். அப்படிச் சொருகினால் போர்டில் ஓடும் பொருள்களின் இரைச்சலையும் அந்தக் கருவியே வடிகட்டிவிடும்.

தூரத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். அடுத்தடுத்த இரண்டு அறைகளின் பிளக்குகள் வேறு வேறு எம்.சி.பி.யில் இருந்தால் சிக்னல் டி.பி. பெட்டி வரை போய்த் திரும்பி வர வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய பழைய ஜாயிண்டுகள் வழியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தேயும். ஒரே அறையில்கூட இந்தப் பிளக்கில் மந்தமாகவும் அந்தப் பிளக்கில் வேகமாகவும் இருக்கும். எல்லாப் பிளக்கிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சோதிக்கும்போது லேப்டாப்பை லேன் கேபிளால் நேரடியாகக் கருவியில் இணையுங்கள். வைஃபையில் சோதித்தால் எதன் கோளாறு என்று பிரித்தறிய முடியாது.

பின்கட்டில் வைஃபை வேண்டுமென்றால் வைஃபை சேர்ந்த பவர்லைன் கருவி வாங்கலாம். பரணில் பழைய ரவுட்டர் கிடந்தால் அதையே பயன்படுத்தச் சொல்வேன். அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதியை) அணைத்து, முகவரியை முதன்மை ரவுட்டரோடு மோதாதபடி 192.168.1.2 போல ஒன்றாக மாற்றி, பவர்லைனிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் சொருகுங்கள், வெளியிணைப்புக்கான வேன் (WAN) துளையில் அல்ல. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முகப்பில் இருப்பதையே கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சானலை முகப்பில் 1 என்றால் இங்கே 6 அல்லது 11 என்று வைத்துவிடுங்கள்.

விட்டு விட்டு வந்தால்

நேரத்தைக் குறித்துவையுங்கள். காலையில் சட்னி அரைக்கும்போது மட்டும் அறுந்தால் மிக்ஸிதான் காரணம். அதன் மோட்டாரின் கார்பன் பிரஷ் தெறிக்கும் பொறி வயர் முழுக்க இரைச்சலைப் பரப்பும். கிரைண்டர் அவ்வளவு தொல்லை தருவதில்லை. விலை மலிந்த எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் ஆகியவை அடுத்த சந்தேகக்காரர்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஆள் அகப்படும். சிற்றலை வானொலி கேட்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் அவருக்கு இந்தக் கருவியே எதிரி. இதன் அலைவரிசை அங்கேதான் விழுகிறது, வானொலியில் கரகரப்பு கேட்கும். அவருடைய வானொலியைப் பேட்டரியில் ஓட்டி, பிளக்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஃபேஸ் சரி, பிளக் சரி, இரைச்சலும் இல்லை, அப்படியும் வேகம் வரவில்லை என்றால் அந்த வீட்டு வயரிங் இதற்கு ஒத்துவராது. கருவியைத் திருப்பிக் கொடுக்க முடிகிற காலத்துக்குள் இதையெல்லாம் பார்த்து முடித்துவிடுங்கள். பிறகு கேபிள்தான். கரண்ட் வயர் ஓடும் பைப்புக்குள்ளேயே லேன் கேபிளையும் திணித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது ஆபத்து. வீட்டுக்கு வெளியே கூரையோரமாகக் கொண்டுபோவதாக இருந்தால் செம்புக் கேபிள் வேண்டாம். ஐப்பசி மழையில் இடி இறங்கினால் இரு முனையிலும் உள்ள பெட்டிகள் கருகும். ஃபைபரே இழுத்து, முனைக்கொரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வைக்கச் சொல்லுங்கள்.