வீட்டில் நாட்டோ தயாரித்தல்: இதய நலம் கருதி உண்போருக்கு

சோயா பீன்ஸை நொதிக்க வைத்துச் செய்யும் ஜப்பானிய உணவான நாட்டோவை இதயத்துக்காக உண்ண நினைப்பவர்கள் முதலில் தங்கள் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களுக்கு நாட்டோ ஆகாது. இதில் மிகுதியாக உள்ள வைட்டமின் கே2, அம்மருந்தின் செயலை முறித்துவிடும். மருந்து உட்கொள்வோர் நாட்டோ உண்ணலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டதனால் இந்த எச்சரிக்கையை முதலிலேயே வைக்கிறேன்.

சிறிய சோயா பீன்ஸாகப் பார்த்து 250 கிராம் எடுத்து, இரவு முழுவதும் ஊறவைத்து, குக்கரில் ஆவியில் வேகவையுங்கள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். கடையில் வாங்கிய நாட்டோவில் ஒரு தேக்கரண்டியைக் கொதித்தாறிய வெந்நீரில் கரைத்து, பீன்ஸ் சூடாக இருக்கும்போதே கலந்துவிடுங்கள். நாட்டோவை நொதிக்கச் செய்யும் பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கும். வேண்டாத கிருமிகள் பலவும் தாங்கா.

பலருக்கும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். இந்த பாக்டீரியாவுக்குக் காற்று கட்டாயம் தேவை என்பதால், ஆழமான பாத்திரத்தில் நிரப்பி இறுக மூடினால் நாட்டோவுக்கே உரிய பிசுபிசுப்பான நூலும் இழுபடாது, நாட்டோகைனேஸ் என்னும் நொதியும் போதிய அளவில் உருவாகாது. அகன்ற தட்டில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் பரப்பி, ஊசியால் நிறையத் துளையிட்ட அலுமினியத் தாளால் மூடி, 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 22 முதல் 24 மணி நேரம் வையுங்கள். தயிர் தயாரிக்கும் கருவியை விட, ஒரு நல்ல வெப்பமானியையே வாங்கச் சொல்வேன். அந்தக் கருவிகள் பலவற்றின் மூடி காற்றை விடுவதில்லை. மேலே வெண்படலம் படிந்ததும் குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைத்தால் மணம் அடங்கும்.

ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயுகி சுமி, 1980-இல் சிகாகோவில், இரத்தக் கட்டியில் உள்ள ஃபைப்ரின் என்னும் புரதத்தின் மீது நாட்டோவை வைத்தபோது அந்தப் புரதம் கரைந்ததைக் கண்டார். அதைக் கரைத்த நாட்டோகைனேஸ் நொதியைப் பற்றிய ஆய்வு 1987-இல் வெளியானது. ஜப்பானின் தகாயாமா நகரில் சுமார் 29,000 பேரை 16 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், நாட்டோவை அதிகம் உண்டவர்களிடையே இதய, இரத்தநாள நோய்களால் நேர்ந்த மரணம் குறைவாக இருந்தது; ஆனால் காரணம் நாட்டோதான் என்று அவ்வகை ஆய்வு நிறுவாது. 2021-இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில், நாட்டோகைனேஸை மட்டும் தனியே உட்கொண்டவர்களுக்குக் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது குறையவில்லை. ஆகவே நாட்டோகைனேஸ் மாத்திரையை நான் பரிந்துரைப்பதில்லை.

உண்ணும்போது நாட்டோவைச் சூடாக்க வேண்டாம். ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல் அந்த நொதி செயலிழக்கும். சோறு சற்று ஆறிய பின் மேலே இடுங்கள். சோயா சாஸில் உப்பு மிகுதி என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சில துளிகளோடு நிறுத்தி, கடுகு விழுதையும் நறுக்கிய வெங்காயத்தாளையும் கூட்டிக்கொள்ளலாம்.